மருந்தை விட்டேன்

அத்தியாயம் பதினொன்று

அம்சத்துக்கு எழுந்து உட்கார முடியவில்லை. இடுப்பு இரண்டாகக் கழன்று, மேல்பாதி பாயிலும் கீழ்ப்பாதி நேற்று நட்ட வயலிலும் கிடப்பது போலிருந்தது. மெஷின் நடவு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. மெஷின் போகாத மூலைக்கும் வரப்போரத்துக்கும் இன்னமும் பெண்கள்தான் குனிய வேண்டும். நாளெல்லாம் குனிந்த உடம்பு, மறுநாள் காலையில் நிமிர்வதற்குத் தனியாகக் கூலி கேட்கும்.

"மல்லாக்கப் படும்மா. கைய வயித்து மேல வை. மெதுவா இழு. இன்னும் மெதுவா. இப்ப அதைவிட மெதுவா விடு."

மகள் மதிவதனி தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னாள். அம்சம் இழுத்தாள், விட்டாள். வாய்க்காலில் தண்ணீர் ஏறுவது போல இழுக்கணும், வயலில் பரவுவது போல விடணும் என்று மகள் பழக்கியிருந்தாள். பொய் சொல்லக் கூடாது. வலி போகவில்லை, ஆனால் வலியைக் கண்டு உடம்பு பதறுவது கொஞ்சம் அடங்கியது. ராத்திரியில் தூக்கமும் வருகிறது.

"எங்கப்பன் காலத்துலேருந்து சும்மா விட்டுக்கிட்டிருந்த மூச்சு. அதுக்கும் டிக்கெட் போட்டுட்டான் பாரு, வைத்தியலிங்கத்து மவன்!" என்றார் அம்சத்தின் புருஷன் ரெத்தினம், துண்டை உதறித் தோளில் போட்டபடி. நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை தூக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

பண்ணையார் வைத்தியலிங்கத்தின் மகன் ராம்கி வெளிநாட்டிலிருந்து திரும்பி, ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் 'சுவாசத் தோப்பு' என்று மூச்சுப் பயிற்சி நிலையம் தொடங்கிய கதையும், அதில் மதிவதனி பயிற்சியாளராகச் சேர்ந்த கதையும் தெரிந்ததுதான். போன மாதம் திருக்காட்டுப்பள்ளி பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரிய பேனர் ஏறியது. அதில் இரண்டு அம்சம். இடப்பக்கத்து அம்சத்துக்குக் கன்னமெல்லாம் கருஞ்சிவப்புத் திட்டு, உரிந்த தோல். வலப்பக்கத்து அம்சம் கழுவிவைத்த செம்புப் பானை மாதிரி இருந்தாள். கீழே பெரிய எழுத்தில்: 'மருந்தை விட்டேன். தோல் தெளிந்தது.'

அம்சம் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தப்பாக ஒன்றும் தெரியவில்லை. உண்மைதானே என்று நினைத்துக்கொண்டாள். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "அதுல எழுதினது அத்தனையும் நெசம்" என்று வாய் நிறையச் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் முகத்தை யாரும் இவ்வளவு பெரிதாக மாட்டியதில்லை.

இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம். அம்சம் மேடையேறிப் பேச வேண்டும். அது நல்லபடியாக முடிந்தால் சீர்காழியில் திறக்கப்போகும் கிளைக்கு மதிவதனிதான் பொறுப்பாளர் என்று ராம்கி சொல்லியிருந்தான்.

"நாலு வார்த்தை போதும்மா. பயிற்சி செஞ்சேன், நல்லாருக்கு, அவ்வளவுதான்." மதிவதனி குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரி, களிம்பு, மாத்திரை எதையும் எடுக்காத. அதப்பத்தி மூச்சு விடாத."

ரெத்தினம் வாசலில் நின்று சிரித்தார். "கேட்டியா? மூச்சு விடச் சொல்லிக்கொடுக்குறவ, மூச்சு விடாதங்குறா!"

"அப்பா, வேலையப் பாருங்கப்பா."

"ஏன்டி சொல்லக் கூடாது?" என்றாள் அம்சம்.

"கூட்டத்துக்குக் குழப்பமா இருக்கும்மா."

அம்சம் அதற்கு மேல் கேட்கவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

* * *

மண்டபத்துக்குப் போகும் வழியில் நாத்தனார் செம்மொழியையும் அழைத்துப்போக ஆட்டோவை நிறுத்தினார்கள். பேர்தான் செம்மொழி, வாய் திறந்தால் சந்தை மொழி என்று தெருவே சொல்லும். அவள் புருஷன் பகலவன் குவைத்தில் டிரைவர். இவள் இங்கே நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டு, அவன் அனுப்பும் பணத்தில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. பட்டெல்லாம் பளபளங்குது. மூஞ்சிதான் ஏற்கெனவே ரோட்டுல பளபளன்னு நிக்குதே!"

சொன்னாளே தவிர, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குள் மஞ்சளும் வேப்பிலையும் மணத்தன. அதற்கடியில் இன்னொரு வாடை. பத்தாயத்துக்குப் பின்னால் எலி செத்துக்கிடந்தால் வருமே, அது.

"கால்ல என்னடி துணி?"

"சேத்துப்புண்ணு. சேத்துல நிக்கிறவளுக்கு வராம, உங்க ராம்கி சாருக்கா வரும்?"

அம்சம் குனிந்து துணியை அவிழ்த்தாள். இடுப்பு வலி மறந்துபோயிற்று. மெட்டிக்கு அடியில் சேறு தங்கிப் புண்ணாகி, அந்த விரல் கறுத்திருந்தது. வீங்கிய சதைக்குள் மெட்டி புதைந்து கிடந்தது. பாதம் கணுக்கால் வரைக்கும் உப்பி மினுமினுத்தது.

"அடிப்பாவி! நீ சக்கரைக்காரிடி! களிம்பு போடலையா?"

"விட்டாச்சு."

"என்ன விட்டாச்சு?"

"களிம்பையும் விட்டாச்சு, சக்கரை மாத்திரையையும் விட்டாச்சு. மூச்சுப் பயிற்சி பண்றேன். காலையும் சாயங்காலமும், மூச்ச அந்த விரலுக்கு அனுப்பறேன்." பெருமையாகச் சொன்னாள்.

"யாருடி உன்ன விடச் சொன்னது?"

"நீங்கதான்."

செம்மொழி கைப்பேசியை எடுத்துத் தட்டினாள். திரையில் அம்சம் பேசினாள். அவள் குரல், அவள் முகம், அவள் வீட்டுக் கொல்லையில் நின்று: 'மருந்த விட்டேன். தோலு தெளிஞ்சு போச்சு.' உடனே குழலிசை. உடனே ராம்கி.

அம்சத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் பூச்சிமருந்தச் சொன்னேன்டி! வயலுக்கு அடிக்கிற மருந்து!"

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்தியலிங்கத்தின் வயலில் மருந்து அடித்த ஈரம் காய்வதற்குள் மறுநாளே பெண்களைக் களைக்கு இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்ததுதான் அம்சத்தின் முகத்தில் அந்தத் திட்டு. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அலைந்து, களிம்பும் மாத்திரையும் வாங்கி, மருந்தடித்த வயலில் இறங்குவதை விட்டபிறகுதான் முகம் தெளிந்தது. மூச்சுப் பயிற்சி அதற்கப்புறம் வந்து சேர்ந்தது. கொல்லையில் நின்று படம் பிடித்த அன்று இவ்வளவையும் மூச்சு வாங்கச் சொல்லியிருந்தாள். முன்னால் சொன்ன வயலைக் காணோம். பின்னால் சொன்ன ஆஸ்பத்திரியைக் காணோம். நடுவில் இருந்த வார்த்தை மட்டும் பேனரில் ஏறி நின்றது. டெல்டாக்காரிக்கு மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வயல். காலில் புண்ணோடு படிக்கிறவளுக்கு மருந்து என்றால் மருந்துதான்.

"கெளம்பு செம்மொழி. இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

செம்மொழி அசையவில்லை. அவள் முகம் மாறியிருந்தது. "ஏன் அண்ணி? எனக்கும் தெளிஞ்சிரும்னு பயமா இருக்கா?"

"என்னடி பேசுற?"

"உங்ககிட்ட வந்து கேட்டேனா இல்லையா? நெசமா அண்ணின்னு கேட்டேன். அத்தனையும் நெசம், செஞ்சு பாருன்னு சொன்னீங்களா இல்லையா? இப்ப வீட்டுக்குள்ள வந்து வேற சொல்றீங்க. ரோட்டுல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு. நான் எத நம்புறது?"

"சத்தியமா சொல்றேன்..."

"சத்தியமெல்லாம் வேணாம். மேடையில சொல்லுங்க. அந்த மைக்குல சொல்லுங்க. சொன்னீங்கன்னா அங்கேருந்தே ஆஸ்பத்திரிக்கு வரேன். சொல்லலேன்னா நான் என் மூச்சப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பிடித்தால் பிடித்ததுதான். பகலவனைக் கட்டியதே அப்படித்தான், அண்ணன் வேண்டாம் என்றதற்காக.

அம்சம் வாசலைப் பார்த்தாள். மதிவதனி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அத்தையின் காலையும் பார்த்திருந்தாள்.

"யாரு அறுத்தது அந்த வீடியோவ?"

"சார்தான்மா."

"நீ படிச்சவ. நான் எந்த மருந்தச் சொன்னேன்னு உனக்குத் தெரியாதா?"

மதிவதனி நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தெரியும்மா. மொதல்லயே சொன்னேன். வார்த்தை அவங்களோடதுதானே, நாம எதையும் சேர்க்கலையேன்னாரு."

"சேர்க்கல. அறுத்துட்டீங்க."

"சீர்காழி வேலை கெடைச்சிட்டா அப்பா முதுகுல மூட்டை ஏறாதுன்னு நெனச்சேம்மா. யாரும் நெசமாவே மாத்திரைய நிறுத்துவாங்கன்னு..."

"உன் அத்தை நிறுத்தியிருக்கா. பாரு. நல்லா பாரு."

மதிவதனி பார்க்கவில்லை. செம்மொழியின் ஒரு கைக்கு அடியில் தோள் கொடுத்தாள். மறுபக்கம் அம்சம். மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

* * *

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் இவ்வளவு பெண்களை அந்த மண்டபம் பார்த்திருக்காது. வெள்ளை ஜிப்பாவில் ராம்கி மேடையில் சம்மணமிட்டிருந்தான். முன்வரிசையில் அவன் அப்பா வைத்தியலிங்கம், அங்கவஸ்திரத்தை நீவிக்கொண்டு.

"மூச்சு சீரா இருந்தா மனசு சீரா இருக்கும். மனசு சீரா இருந்தா ரத்தம் சீரா ஓடும். ரத்தம் சீரா ஓடினா எந்தத் தோல் நோயும் நம்மகிட்ட நிக்காது!"

முதல் வரி உண்மை. இரண்டாவது போகட்டும். மூன்றாவதற்கு வந்தபோது அவன் வியாபாரத்துக்கு வந்திருந்தான்.

எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னான். குழலிசை வந்தது. நூறு பெண்கள் ஒன்றாக மூச்சை இழுத்து ஒன்றாக விட்டார்கள். அந்தச் சத்தம் நன்றாகத்தான் இருந்தது, முற்றிய கதிரில் காற்றுப் போவது போல. அம்சத்துக்கு அதுதான் ஆத்திரத்தைக் கிளறியது. நல்ல பண்டத்தில் கல்லைக் கலந்து விற்கிறவனை என்னவென்று சொல்வது?

"இப்ப நம்ம அம்சம்மா பேசுவாங்க. பேனர்ல பாத்தீங்களே, அவங்களேதான்!"

கைதட்டல். மதிவதனிதான் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா..." என்றாள். வேண்டாம் என்றா, சொல்லு என்றா? அம்சத்துக்குப் புரியவில்லை. கூட்டத்தின் நடுவில் செம்மொழி காலை நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தபடி இருந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம்." மைக் கிறீச்சிட்டது. "இந்த மூச்சுப் பயிற்சி நல்லதுதான். நான் இல்லேங்கல. நடவு நட்டுட்டு வந்து படுத்தா தூக்கம் வருது. மனசு பதறாம இருக்கு."

ராம்கி தலையாட்டினான்.

"ஆனா என் மூஞ்சி இதுல தெளியல."

குழலிசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மருந்த விட்டேன்னு நான் சொன்னது வயல்ல அடிக்கிற மருந்து. பெரியாஸ்பத்திரி மருந்த நான் விடல. ஆறு மாசம் போட்டேன். அதுலதான் தெளிஞ்சுது. அத இவங்க அறுத்துட்டாங்க."

ராம்கி எழுந்து வந்தான். சிரிப்புக் குறையவில்லை. "அம்சம்மாவுக்கு மேடை புதுசு, கொஞ்சம் பதட்டம். பரவால்ல. அம்மா, மூச்ச உள்ள இழுங்க, பாப்போம்."

"இழுத்தாச்சு தம்பி. இப்பதான் விட்டுக்கிட்டிருக்கேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். முதல் தடவையாக அவனைத் தம்பி என்று கூப்பிட்டிருக்கிறோம் என்பது வாயிலிருந்து வந்தபிறகுதான் அம்சத்துக்கே தெரிந்தது. அவன் தொட்டிலில் கிடந்தபோதே சின்னய்யா என்றுதான் அழைக்கச் சொல்லியிருந்தார்கள்.

முன்வரிசையில் வைத்தியலிங்கம் எழுந்துவிட்டார். "ஏய் அம்சம்! யாரு மேடையில நின்னு என்ன பேசற? நெனப்பு இருக்கா?"

"மேடை உங்களுது ஐயா. தோலு என்னுது. அது எந்த வயல்ல கெட்டுப்போச்சுன்னும் சொல்லவா?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்துவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். வாய்க்காலுக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் கூப்பிட்டுப் பழகின தொண்டை அவளுடையது.

"செம்மொழி! கேட்டியா? இதுக்கு மேல என்ன சொல்லணும்? உன் கால் அழுகுதுடி! இங்க உக்காந்திருக்க யாரு மாத்திரைய நிறுத்தியிருந்தாலும் வீட்டுக்குப் போய் எடுத்துப் போடுங்க! மூச்சு விடுங்க, வேணாங்கல. மருந்த விடாதீங்க!"

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள். கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் பர்வின். "யம்மா, என் மவளுக்குக் கரப்பான். டாக்டர் கொடுத்த களிம்ப இவங்க பேச்சக் கேட்டுத்தான் நிறுத்தினேன். புள்ள ராப்பகலா சொறிஞ்சு ரத்தம் வருது." அவள் ராம்கியைப் பார்த்துத் திரும்பினாள். "ஏன் சார், உங்க வீட்டுப் புள்ளைக்கு இப்படி நிறுத்துவீங்களா?"

அதன்பிறகு நாலா பக்கமும் குரல்கள். ராம்கி மேடையின் பின்பக்கம் நகர்ந்தான். போகிறபோது மதிவதனியிடம் ஏதோ சொன்னான். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவன் பின்னால் போனாள்.

அம்சம் இறங்கி வந்தாள். செம்மொழி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எழுந்து நின்றிருந்தாள். சொன்ன சொல்லுக்கு நிற்கிறவள்.

"என்னா அண்ணி இந்தக் கத்து கத்துறீங்க? ஆட்டோவக் கூப்புடுங்க."

* * *

பெரியாஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருத்தி காலைப் பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. அதனாலேயே அம்சத்துக்குப் பயம் வந்தது.

"பாதத்தக் காப்பாத்திடலாம்மா. இந்த விரல எடுத்தாகணும். காலைல பண்ணிடறோம்." கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "புண்ணு வந்தப்பவே காட்டியிருந்தா களிம்போட போயிருக்குமே. ஏன் விட்டீங்க?"

செம்மொழி அம்சத்தைப் பார்த்தாள். பிறகு, "சேத்துப்புண்ணுதானேன்னு அலட்சியமா இருந்துட்டேன் டாக்டர்" என்றாள்.

காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அம்சத்துக்கு.

சாயங்காலம் நர்ஸ் சின்னக் கத்தரியோடு வந்து மெட்டியை வெட்டினாள். செம்மொழி கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தபடி, "எம் புருஷன் குவைத்துல குத்துக்கல்லாட்டம் இருக்காரு. நீங்க பாட்டுக்கு மெட்டியக் கழட்டுறீங்களே!" என்று சிரிக்கப் பார்த்தாள்.

"மூச்ச மெதுவா இழுடி."

"இன்னமுமா அண்ணி?"

"இதுக்குத்தான் அது. பயத்துக்கு. புண்ணுக்கில்ல. இழு. இப்ப மெதுவா விடு."

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள், சேர்ந்து விட்டார்கள். கட்டில் சட்டத்தைப் பிடித்த கை மெல்லத் தளர்ந்தது.

ரெத்தினம் கொள்முதல் நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தார், தலையெல்லாம் நெல் தூசி. தங்கையின் காலைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சுவரோடு நின்றார். அம்சம் பக்கத்தில் போனபோது, "மதி வீட்டுக்கு வரல. போன் அணைஞ்சிருக்கு. ராம்கி காருல ஏறிப் போனத நம்ம தெருப் பசங்க பாத்திருக்காங்க" என்றார்.

"எங்க போனாளாம்?"

"தெரியல. தஞ்சாவூர்ப் பக்கம் இல்ல. கெழக்கால."

கிழக்கே என்றால் சீர்காழி. சண்டை போடப் போனாளா, சமாதானம் பேசப் போனாளா? பெற்றவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அம்சம் உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். வெட்டின மெட்டி அவள் உள்ளங்கையில் கிடந்தது, இரண்டு வெள்ளித் துண்டாக. தட்டாரிடம் கொடுத்தால் ஒட்டிக் கொடுத்துவிடுவார். போடுவதற்கு விரல் இருக்காது.

ராம்கி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவனை அவள் விடப்போவதில்லை. ஆனால் செம்மொழி வந்து கேட்டபோது, அத்தனையும் நெசம், செஞ்சு பாரு என்று சொன்னது ராம்கி இல்லை.

அம்சம் செம்மொழிக்கு ஒரு கால்விரல் கடன்பட்டிருந்தாள்.